ஒரு பவுனுக்கு விலைபோன கழகம்

சென்ற பருவத்திலே எமது கல்லூரித் தமிழ்ச் சங்கத்தார் ஒரு சொற்போர் நடத்தினர். "காற்பந்தாட்டக்காரரின் ஊதியத்திற்கு வரம்பு கட்டுதல் தகும்" என்பது பொருள். தகும் என்னும் கட்சிக்கு யாம் பேச வேண்டியவரானோம். மாலைதோறும் பந்துதைக்கும் மாணவர் எம் விடுதியிற் பலர்; அவர் அனைவரும் எதிர்க்கட்சியினர். ஆயினும் யாம் அஞ்சினோமில்லை. வாரம் ஒன்றுக்கு இலக்கம் பவுனும் அதற்கு மேலும் பெறுகின்ற வீரரைப் பற்றி நாளேடுகளிற் படித்திருந்தோம். அத்தகையோர்க்கு வரம்பு கட்டினால் எவருக்கு என்ன குறை நேரும் என்பதே எமது துணிபு.

சான்று தேடப் புகுந்தபொழுதே எமது கால் இடறிற்று.

இங்கிலாந்திலே கூலிக்குப் பந்தாடுதல் 1885-ஆம் ஆண்டில்தான் முறையென ஒப்புக்கொள்ளப்பட்டது. 1888-இல் பன்னிரண்டு கழகங்கள் கூடி லீக் என்னும் அமைப்பை நிறுவின. 1901-இல் வாரத்துக்கு நான்கு பவுனுக்கு மேல் எவருக்கும் கொடுக்கலாகாது என்று விதி வகுத்தனர். அவ்வரம்பு சிறிது சிறிதாக ஏறி இருபது பவுனாகி, ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்ய முற்படவே, 1961-இல் ஒழிந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் அக்ரிங்டன் ஸ்டான்லி என்னும் சிறு கழகம் கடன் தாங்கமாட்டாது ஆட்டப் பருவத்தின் இடையிலேயே லீக்கை விட்டு விலகிற்று. வரம்பு ஒழிந்து ஓராண்டிலே கழகமும் ஒழிந்தது என்று யாம் மகிழ்ந்து குறித்துக்கொண்டோம். அக்கடன் வரம்பு இருந்த காலத்திலேயே மூண்டது என்பதைப் பின்னர்க் கண்டும், எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. சொற்போர் மாணவரின் அறம் அவ்வளவே!

மேலும் படிக்கப் படிக்க, யாம் எண்ணியிருந்த வீரர் மிகச் சிலரே என்பது புலனாயிற்று. அந்நாட்டில் முதல் நான்கு படிகளில் நிற்கும் கழகங்கள் தொண்ணூற்றிரண்டு. உச்சிப் படியில் உள்ளவை இருபதே. 1992-இல் பிரீமியர் லீக் தனியே பிரிந்தபின் தொலைக்காட்சிப் பணத்திற் பெரும்பகுதி அவ்விருபதின்பாற் சென்றது. முன்னாளில் லீக் ஆட்டங்களில் வாயிற்பணத்திலே வந்தாடிய கழகத்துக்கும் ஒரு பங்கு கொடுத்தனர். 1983-இல் அவ்வழக்கமும் நின்றது. கீழ்ப்படியில் உள்ள கழகம் சில ஆயிரம் பேர் கொடுக்கும் நுழைவுக் கட்டணத்தையும், ஒரு செல்வரின் பணப்பையையும் நம்பி வாழ்வது. ஒரு படி ஏறிவிட்டால் வரவு பெருகும். ஏறவோ நல்ல ஆட்டக்காரர் வேண்டும். அவர்க்குச் சம்பளம் வேண்டும். ஆகவே, நாளை வரப்போகும் பணத்தை இன்றே வாக்களித்துவிடுகின்றனர். 2018-19-ஆம் பருவத்தில் இரண்டாம் படிக் கழகங்கள் எல்லாம் சேர்ந்து ஈட்டிய ஒவ்வொரு நூறு பவுனுக்கும் சம்பளமாகவே நூற்றேழு பவுன் அளவில் செலவிட்டன என்று கணக்கர் எழுதியுள்ளனர். எம் வீட்டில் அன்னையார் இவ்வாறு கணக்கு வைத்திருந்தால் யாம் கல்லூரிப் படியை மிதித்திருக்கமாட்டோம்.

இவற்றுள் பெரி நகரின் கதையே எம்மை விடாது பற்றிக்கொண்டது. அவ்வூர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால், புதைத்தல் என்னும் பொருளுடைய சொல்லின் எழுத்துகளே நிற்கும். பலரும் அதை வைத்து நகையாடினர். மாஞ்செஸ்டருக்கு வடக்கே உள்ள பழைய பருத்தி ஊர் அது. பறக்கும் நாடாவை 1733-இல் இயற்றிய ஜான் கே அவ்வூர்ப் பக்கத்தில் பிறந்தவர். நெசவு நடத்தியோர் அவர் கருவியைக் கைக்கொண்டு, அவருக்குரிய பணத்தைக் கொடாது ஏய்த்தனர்.

அவ்வூர்க் கழகம் 1885-இல் தோன்றி, 1894-இல் லீக்கிற் புகுந்து, 1900-இலும் 1903-இலும் நாட்டின் பெருங்கோப்பையை வென்றது. 1903-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் டார்பி கழகத்தை ஆறுக்குச் சுழியம் என்னும் கணக்கில் வென்றனர். இத்தகைய கழகம் 2018 டிசம்பரில் ஒரு பவுனுக்குக் கைமாறிற்று. ஒரு பவுனுக்கு வாங்கியவர் கடனையும் உடன் வாங்கினார். மைதானமும் அடகில் இருந்தது. அடுத்த இளவேனிலில் ஆட்டக்காரர்க்குப் பல வாரம் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாமலே ஆடி, அவர்கள் தம் படியில் இரண்டாம் இடம் பெற்று மேற்படிக்கு ஏறினர். இதனைப் படித்த இரவு யாம் நெடுநேரம் உறங்கவில்லை. யாம் வரம்பு கட்டப் புகுந்த ஊதியம் இவர்களுடையதுமன்றோ?

2019 ஆகஸ்டு 27-ஆம் நாள் மாலை ஐந்து மணி கெடு. கழகத்தை ஒரு நிறுவனம் வாங்கப்போகிறதென்று நம்பி, ஊரார் பலர் அன்று துடைப்பமும் வாளியும் கொண்டுவந்து, கிக் லேன் என்னும் தம் மைதானத்தின் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தனர். கெடுவுக்குச் சற்று முன்னர் அந்நிறுவனம் பின்வாங்கிற்று. அன்றிரவே கழகம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அப்பருவம் முழுதும் அந்தப் படியில் இருபத்து மூன்று கழகங்களே ஆடின.

இங்கே எம் குடும்பக் கதை ஒன்றைச் சொல்லாதிருத்தல் இயலாது. எம் தந்தையார் ஒரு நூற்பாலையிற் பணிபுரிந்தார். யாம் பள்ளியிற் படித்தபொழுது, அவ்வாலை நான்கு மாதம் சம்பளம் கொடாது இழுத்துப் பின்னர்க் கதவடைத்தது. அந்நான்கு மாதமும் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் பற்றுக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனவர் யாமே. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நிற்போம். ஒரு நாளும் அவர் இல்லையென்று சொன்னதில்லை. நாளாக ஆக எம் முகத்தைப் பாராமல் எழுதினார்.

ஆதலின், அந்நாட்டுக் காற்பந்து லீக்கின் விதியொன்றைக் கண்டு முதலில் மகிழ்ந்தோம். கழகம் கடனில் மூழ்கினால் ஆட்டக்காரர் சம்பளமும் பிற கழகங்களுக்குரிய தொகையும் முழுமையாகத் தீர்க்கப்பட வேண்டும், மற்றவர் பின்னரே. உழைத்தவனுக்கு முதலிடம்! 2012-இல் அரசின் வரித்துறையே எதிர்த்து வழக்காடியும் அவ்விதி நிலைத்தது. ஆனால், மற்றவர் என்பார் யாவர்? ஆடை வெளுத்தவர், ஆட்ட நாளில் தின்பண்டம் கொடுத்தவர், குழாய் பழுது பார்த்தவர். பெரியில் 2019 ஜூலையிற் செய்த உடன்படிக்கையின்படி ஈடில்லாக் கடன் கொடுத்தோர்க்கு நாலில் ஒரு பங்கே உரியது. ஆலைக்காரர் பிள்ளையாகிய எமக்கு அவ்விதி நியாயமாகவும், அண்ணாச்சியின் கடையில் நின்ற சிறுவனுக்கு அநியாயமாகவும் தோன்றிற்று. இரண்டு பேரும் யாமே.

சொற்போரில் யாம் வென்றோம். கீழ்ப்படிக் கழகங்கள் 2020 ஆகஸ்டில் தாமாகவே சம்பள வரம்பு விதித்ததையும் எடுத்துரைத்தோம். ஆட்டக்காரர் சங்கம் முறையிட்டு, 2021 பிப்ரவரியில் நடுவர் குழு அதனைத் தள்ளிவிட்டதை எதிர்க்கட்சியார் அறிந்திலர், யாமும் அறிவித்திலோம். கைதட்டல் நெடுநேரம் இருந்தது. பரிசுப் புத்தகம் எம் பெட்டியில் இன்னும் பிரிக்கப்படாமலே கிடக்கிறது.

விடுமுறைக்கு ஊர் சென்றபொழுது அண்ணாச்சியின் கடையிற் சற்று அமர்ந்தோம். தந்தையார் பழைய பற்றைச் சிறுகச் சிறுகத் தீர்த்து வருகிறார். கடைசி இரண்டு பக்கம் மீதி. "என்ன தம்பி படிக்கிறீய?" என்று அவர் கேட்க, தமிழைச் சொல்லாது பெரியின் கதையைச் சொன்னோம். 2023 முதல் கிக் லேனில் மீண்டும் ஆட்டம் நடைபெறுவதையும், காற்பந்துக் கழகங்களின் வரவு செலவைக் கண்காணிக்க 2025-இல் இங்கிலாந்துக்குத் தனிச்சட்டம் பிறந்ததையும் சொன்னோம். அவர் பருப்பை நிறுத்துக்கொண்டே கேட்டிருந்தார். வெளுப்பவர்க்கும் தின்பண்டம் கொடுத்தவர்க்கும் நாலில் ஒரு பங்கு என்றபொழுது மட்டும் தராசைக் கீழே வைத்தார்.

"ஏட்டிலயா தம்பி, கையிலயா?" என்றார்.