டப்பு கேக்கலாம் வாங்க

டப் மியூசிக் என்று சொன்னால் ஆபிஸில் பாதிப்பேர் "டப்பிங் படப் பாட்டா?"ங்கறாங்க. மீதிப்பேர் டப்பாங்குத்து என்று நினைக்கிறார்கள். ரெண்டும் இல்லை மக்கா. பாப் மார்லி தெரியுமில்லையா, அதே ஜமைக்கா, அதே ரெகே. அந்தப் பாட்டிலிருந்து பாடகரின் குரலைத் தூக்கிவிட்டு, பேஸ் கிதாரையும் டிரம்ஸையும் முன்னால் இழுத்து, மிச்சத்தை எக்கோவில் மிதக்க விட்டால் டப்.

தல்லாகுளத்துக்காரனுக்கு இது சுலபமாகப் புரியும். எதிர்சேவை அன்று எங்கள் ஏரியாவில் நின்றிருக்கிறீர்களா? மண்டகப்படிக்கு மண்டகப்படி ஒரு மைக் செட், ஒண்ணை ஒண்ணு அமுக்கப் பார்க்கும். நடுவில் எக்கோ மைக்கில் "குழந்தையைக் காணோம்... காணோம்... காணோம்...". 1950களிலிருந்தே கிங்ஸ்டன் தெருக்களிலும் இதே கூத்துதான். அங்கே பெயர் சவுண்ட் சிஸ்டம், ஏரியாவுக்கு ஒரு செட், யார் செட் பெரிசு என்று போட்டி. ஒரே வித்தியாசம், நம்முடையது புனல், கீச்சென்று கத்தும். அவர்களுடையது ஆளுயரப் பெட்டி, பேஸ் நெஞ்சில் இடிக்கும்.

அந்த செட்டுக்காரர்களில் ஒருவர்தான் கிங் டபி. நிஜப்பேர் ஆஸ்போர்ன் ரடக், பிறந்தது 1941. பாடகர் இல்லை. ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்ப்பவர், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுபவர். 1970களின் தொடக்கத்தில் வாட்டர்ஹவுஸ் பகுதியில், டைனமிக் ஸ்டுடியோ கழித்த மிக்சரை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அடுத்தவர் பதிந்த பாட்டை டிராக் டிராக்காக அணைத்தும் ஏற்றியும் புதுசாக்கினார். இதில் வியாபாரமும் இருக்கிறது. இசைத்தட்டின் பின்பக்கத்துக்குப் புதுசா பாட்டு எழுத வேண்டாம், பாட வேண்டாம், தயாரிப்பாளருக்குச் செலவு மிச்சம்! 1989 பிப்ரவரியில் டபியை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

ஈசிஇ படித்த எனக்கு மனுஷன் மேல் தனிப் பாசம். எங்கள் தெரு மைக் செட் அண்ணனும் அதே ஜாதி ஆள்தான், காயில் சுற்றுவதிலிருந்து எல்லாம் கைவேலை. அவர் இனிஷியல் எழுதிய புனல்களெல்லாம் எடைக்குப் போயாச்சு, இப்ப டிஜே செட்டுக்குத்தான் ஆர்டர். ஒருநாள் அவர் கடைப் பெட்டியில் போனைச் சொருகி டபியைப் போட்டேன். சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"டேப்புல பண்ணிருக்கான் தம்பி. படிக்கற ஹெட்ல வர்றதைத் திரும்ப உள்ள விட்டா இப்படித்தான் சுத்தும். வள்ளி திருமண நாடகத்துக்கு நானும் வெச்சேன். பாடுறது யாரு?"

பாடகர் குரல் துண்டு துண்டாகத்தான் வரும், ஆல்பத்தின் தலைப்பில் இருப்பது மிக்சிங் பண்ணியவர் பேர் என்றேன்.

"ரிப்பேர்காரன் பேரா?" என்று ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் திரும்பப் போடச் சொன்னார்.

அன்றைக்குப் போட்டது அகஸ்டஸ் பாப்லோவின் 'கிங் டபிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' (ஆல்பம் 1976). நீங்களும் அதிலேயே ஆரம்பிங்க. முதலில் ஜேக்கப் மில்லர் பாடிய மூலப்பாட்டு 'பேபி ஐ லவ் யூ ஸோ', உடனே டப். எது காணாமல் போச்சு என்று காது தேட ஆரம்பிச்சா பாதிக்கிணறு தாண்டியாச்சு. தாளத்தையும் கவனிங்க. நம்ம குத்தில் முதல் அடிதான் பலம், ரெகேயில் பல பாட்டில் முதல் அடி காலி, கிக் டிரம் மூணாவதில் விழும். அடுத்து லீ பெர்ரியின் 'சூப்பர் ஏப்' (1976), கொஞ்சம் கிறுக்குத்தனம், எனக்கு டபியை விட ஒரு படி கீழேதான். எலக்ட்ரானிக் பழக்கமுள்ளவர்களுக்கு மேட் ப்ரொஃபஸரின் 'நோ ப்ரொடெக்ஷன்' (1995). நம்ம நாட்டில் தேடினால் டெல்லியில் ஸ்கா வெஞ்சர்ஸ் பாடகர் தாரு டால்மியா, பி.எஃப்.ஆர். என்று சொந்தமாகவே ஒரு சவுண்ட் சிஸ்டம் கட்டியிருக்கிறார்.

நல்ல ஹெட்போனாவது கட்டாயம். லேப்டாப் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு "ஒண்ணுமே கேக்கலையே"ன்னு சண்டைக்கு வராதீங்க :-)