கிழிந்த பாகமும் கிழியாத பாகமும்

நூலகப் புத்தகம் பைண்டிங்குக்கு வந்தால், நான் தொழில் பழகிய கடையின் பாய் முதலில் அட்டையைப் பார்க்க மாட்டார். மூடியபடியே தூக்கிப் பிடித்து, பக்கங்களின் விளிம்பைப் பார்ப்பார். கைபட்ட அழுக்கு ஓர் இடம் வரைக்கும் கறுப்பாக ஏறியிருக்கும். அதற்கப்புறம் தாள் வெள்ளையாகவே இருக்கும். கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து, "இதுவரைக்கும் வந்திருக்காங்க, இங்க எறங்கிட்டாங்க" என்பார்.

விழுப்புரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தக் கடை. திண்டிவனத்திலிருந்து காலையில் ரயிலில் போய், சாயங்காலம் கிடைத்த பஸ்ஸில் திரும்புவேன். முதலில் கொடுத்த வேலை மைதாப் பசை காய்ச்சுவது. பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலக்க வேண்டும். அளவு கூடினால் தாளில் பச்சை ஏறிவிடும். பிறகு அச்சிட்ட பெரிய தாளைப் பாரமாக மடிப்பது, பிறகு தையல். ஊசி பிடிக்கப் பழகியதும் பாய் சொன்னது ஒன்றுதான்: "புஸ்தகம் வாங்கறப்பவே கேட்டுரும்மா, யாரு படிக்கப் போறதுன்னு."

இது வாடிக்கையாளரிடம் பேச்சுக் கொடுப்பதற்கான கேள்வி என்று நினைத்தேன். ஆனால் தையலே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. மேசையில் விரித்து வைத்துப் படிப்பவருக்குப் பாரம் பாரமாகத் தைக்க வேண்டும். அலமாரியில் நிற்கப் போகிற புத்தகத்துக்குப் பக்கவாட்டில் குத்தித் தைத்தால் போதும். ஒரே புத்தகம் ஆளுக்கொரு மாதிரி தைக்கப்படுகிறது. ஒரே புத்தகத்தை ஒருவர் கொண்டாடுவதும் இன்னொருவர் தூக்கிப் போடுவதும் ஏன் என்பதற்கு அந்த மேசையிலேயே எனக்குப் பாதி விடை கிடைத்தது.

கல்கியின் பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர், தன் அம்மா 'கல்கி' இதழிலிருந்து பிரித்துச் சேர்த்து வைத்த தாள்களைத் துணிப்பையில் கொண்டுவந்தார். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த தொடர், மணியத்தின் ஓவியங்களோடு. உதிரித் தாள்களைப் பாரமாகத் தைக்க முடியாது. மெல்லிய தாள்பட்டி ஒட்டி இரண்டிரண்டாகச் சேர்த்த பிறகே நூல் ஏறும். அந்த வேலைக்கே நாட்கள் பிடித்தன. பின்பக்கங்களில் இருந்த விளம்பரங்களை என்ன செய்வது என்று கேட்டதற்கு, அதையெல்லாம் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதே காலத்தில் கல்லூரிப் பையன் ஒருவனும் பொன்னியின் செல்வனோடு வந்தான். 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதும் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகிவிட்டது. அப்படி வந்த மலிவுப் பதிப்பு ஒன்று, ஐந்து பாகமும் சேர்ந்து, தைக்காமல் பசை மட்டும் போட்டது. 2022இல் மணிரத்னத்தின் படம் வந்தபோது வாங்கியிருக்கிறான். முதல் பாகமான புது வெள்ளம் முழுக்கக் கழன்று வந்திருந்தது. மூன்றாம் பாகமான கொலை வாளுக்கு மேல் பிரித்த தடமே இல்லை. "என்னக்கா, ஒவ்வொரு அத்தியாயமும் யாராவது கத்தறதுலயே முடியுது" என்றான்.

பையன் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கத்தல் ஒரு வாரம் காத்திருப்பதற்காக வைக்கப்பட்டது. ரயில்வேக்காரரின் அம்மா அடுத்த இதழ் வரும்வரை அதை அக்கம்பக்கத்தில் பேசித் தீர்த்திருப்பார். பையனோ பக்கத்தைப் புரட்டிய நொடியில் பதிலைப் பார்த்துவிடுகிறான். ஓர் இரவில் ஆறு திடுக்கிடல் என்றால் யாருக்கும் அலுக்கத்தான் செய்யும். மேட்டுக்குடி ரசனை, வெகுஜன ரசனை என்று விமர்சகர் க.நா.சு. காலத்திலிருந்து கல்கியை வைத்து நடக்கும் சண்டையில் இந்தச் சின்ன விஷயத்தை யாரும் போதிய அளவு சேர்த்துக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். பையனிடம் அதை ஐந்து தனிப் புத்தகமாகப் பிரித்துக் கட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வாங்கிக்கொண்டான். மிச்சத்தைப் படித்தானா, தெரியாது.

சாண்டில்யன் திருக்கோவிலூரில் பிறந்தவர் என்பதால் எங்கள் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் ஊர்ப்பாசம் உண்டு. அவருடைய 'கடல் புறா' நாவலைச் சிவப்பு ரெக்சினில் கட்டிக் கேட்டவர்கள் எல்லாருமே ஆண்கள். நாயகி அறிமுகமாகும் பக்கங்களை நாலு வரி படித்துப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். எனக்கு அந்த வர்ணனை தாங்கவில்லை.

ஜெயகாந்தன் விஷயம் வேறு. கடலூரில் பிறந்தவர், சிறுவயதில் விழுப்புரத்தில் மாமாவிடம் இருந்தவர் என்று கடைக்கு வருகிற பெரியவர்கள் உரிமையோடு பேசுவார்கள். அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் விகடனில் வந்தது. மழையில் யாரோ ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் பெண்ணை, அவளுடைய அம்மா தலையில் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொள்வாள். அதற்கு எழுந்த எதிர்ப்பு பெரியது. இத்தனை சுலபமாக எப்படி மன்னிக்கலாம் என்பதுதான் அன்றைய கோபம். அம்மா மறைக்காமல் கூச்சல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே வேறொரு வழியில் போய் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். 1972இல் சாகித்ய அகாதெமி விருதும் வந்தது.

இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொல்லி ஓர் ஆசிரியை வந்தார், கூடவே நர்சிங் படிக்கும் மகளும். அந்தக் கதையை முதலில் படித்தபோது அழுதேன், இப்படி ஓர் அம்மா இருக்க முடியுமா என்று தோன்றியது என்றார் ஆசிரியை. மகள் குறுக்கிட்டாள்: "தண்ணி எதுக்கும்மா ஊத்தணும்? அவ மேல என்ன அழுக்கு?"

எனக்குக் கை நின்றுவிட்டது. அறுபதுகளில் வெறுத்தவர்கள் அந்தத் தண்ணீர் போதாது என்றார்கள். இவள் அந்தத் தண்ணீரே அதிகம் என்கிறாள். ஒரே குடம்தான். அம்மாவுக்குப் பிடித்ததும் மகளுக்குப் பிடிக்காததும் அதே வரிதான். மகளிடம் அந்தக் கேள்வி வந்ததற்கும் அந்தக் கதை ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பாய் முறைத்தார். கூலி பேசும்போது தர்க்கம் பண்ணக் கூடாது என்பது கடை வழக்கம்.

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது புதுமைப்பித்தன்தான். அப்பாவின் உத்தியோகத்தோடு செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று மாறிப் படித்த பையன் அவர். எங்கள் ஊர்த் தெருக்களில் நடந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அவரை நேசிக்கத் தயாராக இருந்தேன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' படித்து ரயிலில் தனியாகச் சிரித்திருக்கிறேன். அவருடைய 'துன்பக்கேணி'யை 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் பாடத்திலிருந்து எடுத்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் தலித் பெண் மருதியின் கதை அது. தோட்டக் கொடுமையை அத்தனை துணிச்சலாக எழுதியவரையா நீக்குவது என்று ஒரு தரப்பு. எங்கள் பெண்களை இப்படிக் காட்டியதை வகுப்பில் உட்கார்ந்து நாங்கள் கேட்க வேண்டுமா என்று இன்னொரு தரப்பு.

தனியே வீட்டில் படிக்கும்போது ஒரு வாசகம் நம்மை உறுத்தினால் மூடி வைத்துவிடலாம். வகுப்பில் அது முடியாது. நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பாடமாக்கியதும் அது வேறு புத்தகமாகிவிடுகிறது. நீக்கியது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எதிர்த்த மாணவர்களுக்கு இலக்கியம் தெரியாது என்று சொன்னவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த தமிழாசிரியர் ஒருவர் புதுமைப்பித்தன் கதைத் தொகுதியைப் பிரித்து, குறிப்பிட்ட கதைகளில் மட்டும் தாளுக்குத் தாள் நடுவே வெற்றுத்தாள் வைத்துக் கட்டச் சொன்னார். பையன்களும் பெண்களும் சண்டை போடுவதை அங்கேயே எழுதி வாங்கப் போகிறாராம். முதுகு தடித்துவிடும், வட்டமாகத் தட்டி எடுக்க வேண்டும், துணியும் கூடுதலாகப் பிடிக்கும் என்று கணக்குச் சொன்னேன். எத்தனை வெற்றுத்தாள் என்று கேட்டேன். அவர் யோசித்து, துன்பக்கேணிக்கு மட்டும் இரண்டு மடங்கு வையுங்கள் என்றார்.

பாய் பசைக்கிண்ணத்திலிருந்து தலை நிமிராமலே சொன்னார்: "வெத்துத்தாளுக்குத் தனிக் காசு, சார்."