ஒரு 'நோ'வும் ஒரு மன்னிப்பும்



முப்பது ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், இங்கிலீஷ்ல 'நோ', டிவி ஹிந்தியில 'நஹீ'. ரெண்டும் ஏன் சார் ஒரே மாதிரி இருக்கு?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியாது. "பாடத்தைக் கவனி, உட்கார்" என்று அதட்டிவிட்டேன். அதன்பின் அவன் கை தூக்கவே இல்லை.

ஓய்வுபெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த இரண்டு சொல்லுக்குள்ளும் இருப்பது ஒரே மூதாதை மொழியின் 'நெ' என்ற சிறு சொல். சமஸ்கிருத 'ந', ரஷ்ய 'நே' எல்லாம் அதன் பிள்ளைகள். லத்தீன் 'க்வெ', கிரேக்க 'தெ', சமஸ்கிருத 'ச' மூன்றும்கூட ஒரு தாய்ப் பிள்ளைகளே. நம் 'உம்' போலச் சொல்லுக்குப் பின்னால் வருபவை. தமிழ் மட்டும் வேறு குடும்பம்.

அந்த மூதாதை மொழியில் ஒரு கல்வெட்டுகூடக் கிடையாது. பேரப்பிள்ளைகளின் சாயலை வைத்துத் தாத்தாவின் முகத்தை வரைவது போலத்தான் அறிஞர்கள் அதை மீட்டார்கள். அதனால் அச்சொற்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இடுகிறார்கள். 'நேரில் கண்டதில்லை' என்று பொருள்.

அவர்களுக்கு இருந்த அந்த நேர்மை அன்று எனக்கு இல்லை. "தெரியலப்பா, தேடிப் பார்ப்போம்" என்று சொல்லியிருக்கலாம்.

தம்பி, இதைப் படித்தால் மன்னித்துக்கொள். நீ கேட்டது நல்ல கேள்வி.