பழைய நிரலும் பழைய எழுத்துருவும்

எங்கள் வீட்டில் பதினேழு ஆண்டுகள் மூன்றாமவர் ஒருவர் குடியிருந்தார். விஷுவல் பேசிக் 6 என்பது அவர் பெயர். எங்களுள் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். இதை எழுதுவதும் அவரே. மற்றவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் நிரல் எழுதுபவர்.

2006இல் அவர் அங்கே சேர்ந்ததும் எழுதியது, உற்பத்தி வரிசையில் நிற்கும் தொழிலாளிக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று திரையில் காட்டும் சிறு நிரல். வாக்கியங்கள் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஐடிஐ முடித்துவிட்டு வாலாஜாபாத்திலிருந்தும் உத்திரமேரூரிலிருந்தும் கம்பெனிப் பேருந்தில் வந்திறங்கும் பிள்ளைகள், ஆங்கிலக் கட்டளைகளைப் படம்போலப் பார்த்து மனப்பாடம் செய்வதை அவர் கண்டிருந்தார். நிரலை அவர் எழுத, வாக்கியங்களை உணவு மேசையில் இருவருமாக அமைத்தோம். 'போல்ட்' என்பதை 'மரையாணி' ஆக்கலாமா என்று ஓர் இரவு முழுதும் வழக்காடினோம். போல்ட்டே வென்றது.

அன்று எங்களுக்குக் கைவந்திருந்தவை திஸ்கி எழுத்துருக்கள். 1990களின் இறுதியில் இணையத் தமிழர்கள் கூடிப் பேசி வகுத்த குறியேற்றம் அது. 256 இடங்களுள் முற்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுப் பிற்பாதியில் தமிழைக் குடியமர்த்தியது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை முதலில் அந்த வடிவில்தான் படித்தோம். ஒருங்குறியும் அப்போதே இருந்தது. விண்டோஸ் 2000 முதல் லதா எழுத்துரு கணினியோடே வந்தது. ஆனால் விஷுவல் பேசிக் 6க்கு அது ஒத்துவரவில்லை. அம்மொழி சொற்களை உள்ளே ஒருங்குறியாகவே வைத்துக்கொள்ளும். திரையில் காட்டும் பெட்டிகளோ பழைய எட்டு பிட் குறியேற்றத்தையே அறியும். ஒருங்குறித் தமிழை இட்டால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வரும். திஸ்கியை இட்டால் தமிழ் வரும். பழைய கருவியும் பழைய எழுத்துருவும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. நாங்கள் இரண்டையும் தாங்கி நின்றோம்.

1998இல் வெளியான அம்மொழிக்கு 2002இலேயே 'டாட்நெட்' என்னும் வாரிசு வந்துவிட்டது. வாரிசு என்பது பெயரளவில்தான். பழையதில் 'இன்டிஜர்' என்றால் 16 பிட். 32,767க்கு மேல் எண்ண முடியாது. புதியதில் அதே சொல்லுக்கு 32 பிட். நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' பின்னாளில் துர்நாற்றத்தைக் குறித்தது போன்ற பொருள்மாற்றம்; அதற்கு நூற்றாண்டுகள் பிடித்தன, இது ஒரே வெளியீட்டில் நிகழ்ந்தது. 2005இல் நிரலர்கள் பலர் பழைய மொழியைக் கைவிட வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டுக்கு மனு எழுதினர். பயனில்லை. 2008 ஏப்ரலோடு அதற்கான ஆதரவு முடிந்தது.

எங்கள் வீட்டில் எதுவும் மாறவில்லை. நிரல்தான் ஓடிக்கொண்டிருந்ததே. இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. அம்மொழியில் எழுதிய நிரல்கள் விண்டோஸ் 11இலும் ஓடுகின்றன. ஆயினும் ஓடுவதெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும் என்று எண்ண வேண்டாம் என எங்கள் சாலையே எச்சரித்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1 அன்று நின்றது. வரி வழக்கும் நிறுவனக் கைமாற்றமும் காரணங்களாயின. சந்தையும் தொடுதிரைக்குப் போய்விட்டிருந்தது. கைப்பேசி கோக்கும் விரைவையே தம் சொத்தாகக் கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் வேறு வேலை தேடினர். அப்போதும் நாங்கள் அதை அவர்கள் கதையாகவே பார்த்தோம். புதிய குழுவுக்கு மாறிக்கொள்ளுமாறு நிறுவனம் இருமுறை கேட்டது. இருமுறையும் மறுத்தார்.

2023இல் ஒரு மாலை, ஒடிசாவிலிருந்து வந்து ஆறே நாளான இளைஞன் ஒருவன், அழுத்து இயந்திரத்தினுள் கையை வைக்கப் போனான். பக்கத்திலிருந்தவர் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். கைக்கு ஒன்றும் நேரவில்லை. 'கையை எடுத்த பின்னரே பொத்தானை அழுத்தவும்' என்று திரையில் தமிழ் தெளிவாக நின்றிருந்தது. எங்கள் வாக்கியம்தான். ஆங்கிலத்தைப் படமாகப் பார்த்த பிள்ளைகளுக்காக எழுதிய நிரல், இவனுக்குத் தமிழைப் படமாக்கியிருந்தது.

ஒடியாவையும் இந்தியையும் சேர்க்க அந்தத் திரையில் இடமில்லை. வாக்கியங்களைப் படங்களாக வரைந்து ஒட்டி இரண்டு மாதம் ஒப்பேற்றினார். பிறகு ஓர் இரவு, "மாத்திடலாமாம்மா?" என்றார். "இதைத்தானே இத்தனை வருஷமா சொல்றேன்" என்று நாவரை வந்தது. சொல்ல வாய் எழவில்லை. தமிழ் கற்பிப்பவரின் எட்டாண்டு வகுப்புக் குறிப்புகளும் திஸ்கியில்தான் உறங்கிக்கொண்டிருந்தன.

மீண்டும் உணவு மேசை. திஸ்கியில் 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, முதலில் கொம்பு, அடுத்துக் 'க', பின் கால் எனச் சேமிப்பார்கள். ஒருங்குறியில் 'க' முன்னே வரும், உயிர்க்குறி பின்னே வரும். மாற்றி பெரும்பகுதியைச் செய்து தந்தது. எஞ்சியதைக் கையால் திருத்தினோம். பதினேழு ஆண்டுகளாகத் தொழிலாளர் கண்முன் நின்ற மூன்று ஒற்றுப்பிழைகளும் அப்போதுதான் அகப்பட்டன. யார் எழுதியவை என்பதை இங்கே விசாரிக்க வேண்டியதில்லை.

ஓலைச்சுவடிகளைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். ஓலை தானாக நூற்றாண்டுகளைக் கடக்காது. பெயர்த்தெழுதினால்தான் நூல் பிழைக்கும். ஓலையில் புள்ளிகூட இடாமல் எழுதிச் சென்றதை, உ.வே.சாமிநாதையர் சுவடி சுவடியாக ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியாக அச்சில் தந்தார். ஓலையை அவரினும் மதித்தவர் யார்? ஆயினும் நூலை ஓலையோடு விட்டுவிடவில்லை. மாணவர்க்குச் சொன்ன இப்பாடத்தை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பற்று அந்தப் பிள்ளைகளிடம் தொடங்கியது. வழியில் எங்கோ கருவியின் மேல் படிந்துவிட்டது.

இப்போது திரை நான்கு மொழிகளில் பேசுகிறது. ஐம்பதை நெருங்கும் அவர், இருபத்தைந்து வயது இளைஞனின் பக்கத்தில் அமர்ந்து சி ஷார்ப் கற்கிறார். முன்பு பத்து நிமிடத்தில் முடித்ததற்கு இன்று அரைநாள் ஆகிறது. சில மாலைகளில் பேசாமலே சாப்பிட்டு எழுகிறார். பழைய கணக்குகளைப் பார்ப்பதற்காக அந்தக் கணினி ஒரு மூலையில் இன்னும் ஓடுகிறது. ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார்கள் என்று வந்து சொன்னார்.

வகுப்புக் குறிப்புகளுள் பாதி மாற்றியாயிற்று. மீதி இவ்விடுமுறையில். இதைப் படிப்போருள் பலரிடமும் திஸ்கியிலோ பாமினியிலோ கோப்புகள் கிடக்கக்கூடும். அவற்றைத் திறந்து படிக்கத் தெரிந்தவர்கள் நாமே இருக்கும்போதே மாற்றிவைத்துவிடுவோம்.