பாட்டனார் பறையும் எம் தொழிலும்

பழைய மாணவர் என்னும் உரிமைபற்றி இவ்வாண்டு மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து விடுக்குமாறு ஆசிரியர் எம்மைப் பணித்தனர். யாம் புலவர் அல்லோம்; சென்னையில் விளம்பரம் எழுதிப் பிழைக்கின்றோம். சோப்பு, தேயிலை, மிதிவண்டி முதலியவற்றை மக்கள் விரும்பி வாங்குமாறு நான்கு வரியிலும் முப்பது நொடியிலும் சொல்லுவதே எம் தொழில். அதனைப் பற்றி எழுத அமர்ந்தபோது, கல்லூரி நாள் தொட்டு எவரிடமும் சொல்லாத செய்தியொன்று நினைவில் வந்து வழிமறித்து நின்றது. அதனைச் சொல்லாது வேறொன்றும் எழுத இயலவில்லை.

எம் ஊர் பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உள்ளது. கிழக்கே கடலும் மீனவர் குப்பமும். மேற்கே செம்மண் மேடும் முந்திரித் தோப்பும். அம்மேட்டுப் புறத்தில்தான் 1968இல் ஆரோவில் தோன்றியது. மயிலம் முருகன் கோயிலைப் பேணிவரும் பொம்மபுர ஆதீனத்தின் பெயரில் எம்மூர்ப் பெயரும் விளங்குதலின் ஊரார்க்கு அதனால் ஒரு பெருமிதம் உண்டு. அப்பெருமிதத்தில் எம் தெருவுக்குப் பங்கு கொடுத்தாரில்லை. எம் தெரு ஊரினின்றும் ஒதுங்கித் தோப்பின் ஓரம் கிடந்தது. ஒதுங்கிக் கிடந்தமைக்குக் காரணம் யாது என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்க்கு விரித்துரைத்தல் வேண்டா.

எம் பாட்டனார் ஊருக்குத் தண்டோராப் போடுபவர். வரி செலுத்தவேண்டிய கெடு, ஏரி மீன் ஏலம், ஊர்க்கூட்டம், காணாமற்போன மாடு, சாவு ஆகிய யாவும் அவர் பறைவழியாகவே ஊருக்குத் தெரியும். புயற்கூண்டு ஏற்றிய நாளில் குப்பத்தின் எல்லைவரை சென்று சாற்றுவார். அவர் பறை வேப்பமர வளையத்தில் தோல் இழுத்துக் கட்டியது. புறப்படுமுன் வைக்கோல் கொளுத்தி அதனைக் காய்ச்சுவார். தோல் இறுகி, தட்டினால் கணீரென்னும். இடக்கையில் மெல்லிய நீண்ட குச்சி. வலக்கையில் குறுகித் தடித்த குச்சி. மூன்று அடி அடிப்பார், நிறுத்துவார். மீண்டும் மூன்று அடி, மீண்டும் நிறுத்துவார். அவ்விடைவெளியில் உலக்கை ஓயும், பிள்ளைகள் வாய் மூடுவர். அதன் பின்னரே, “இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்” என்று குரலெடுப்பார். சொல்லச் சொன்னதற்குமேல் ஒரு சொல்லும் கூட்டமாட்டார், குறைக்கவும் மாட்டார். அவர் நுழையலாகாத தெருக்கள் ஊரில் இருந்தன. அவற்றின் முனையில் நின்று சாற்றுவார். அவர் குரல் மட்டும் உள்ளே செல்லும். இதற்குக் கூலி ஒரு படி கேழ்வரகு.

எம் தந்தையார் அப்பறையைக் கையால் தொடவில்லை. பாட்டனார் இறந்ததும் அதனைக் கோணியில் சுற்றிப் பரண்மேல் எறிந்துவிட்டுப் புதுச்சேரிக்குக் கொத்து வேலைக்குப் போனார். அதற்காக ஊரில் பட்ட வசை சிறிதன்று. “பறை இனி இந்த வீட்டில் பேசக்கூடாது” என்பது அவர் கட்டளை. அவர் சுமந்த செங்கல்லும் சாந்துமே எம்மை இக்கல்லூரி விடுதிக்கு அனுப்பின. விடுதிக்கு வந்த முதல் வாரத்தில், அடுத்த கட்டில் நண்பர் ஒருவர், “உன் தாத்தா என்ன தொழில் செய்தார்?” என்று வினவினார். அவர் வினவியதில் தீங்கு ஒன்றுமில்லை. “பயிர்த்தொழில்” என்றோம். ஒரு பிடி நிலமும் இல்லாத குடும்பத்திற்கு அன்று யாம் நிலம் வழங்கினோம்.

எமக்கு விளம்பரத்தில் ஆசை பிறந்தது சாலையோரத் தேநீர்க் கடையில். இலங்கை வானொலியும், 1967 முதல் விளம்பரங்களுக்கு இடந்தந்த விவித பாரதியும் அங்கே மாறி மாறிப் பாடும். திரைப்பாடலுக்குப் பிறர் காத்திருப்பர். யாமோ இடையில் வரும் பற்பொடிப் பாட்டுக்குக் காத்திருப்போம். ஓரடி இசை ஒரு பெயரை மனத்தில் ஆணிபோல் அறைந்துவிடும் விந்தையை அங்கே கண்டோம்.

சென்னைக்கு வந்து இத்துறையிற் சேர்ந்தபோது, விளம்பர இசையைச் சிறு வேலை என்று எண்ணுவோர் பலர். ஏ. ஆர். ரகுமான் அவர்கள் 1992இல் ரோஜா வெளிவருமுன் பல ஆண்டு விளம்பரங்களுக்கே இசையமைத்து வந்தார் என்பதை இன்று யாவரும் அறிவர். அவர் தந்தையார் ஆர். கே. சேகர், மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்தவர், 1976இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு அக்குடும்பம் வாழ்ந்தது. இவ்வரலாற்றைக் கேட்குந்தோறும் எமக்குப் பரண்மேற் கிடந்த கோணிமூட்டை நினைவுக்கு வரும். தந்தையின் கருவியை அங்கே வெளியே கொடுத்து வாழ்ந்தனர். யாம் மறைத்து வைத்து வாழ்ந்தோம்.

ஒருமுறை நீரிறைக்கும் பொறி ஒன்றின் விளம்பரத்திற்கு நாட்டுப்புறத் தாளம் வேண்டுமென்றனர். மேசைமேல் எம் விரல்கள் தாமே மூன்று அடி அடித்து நின்றன, மீண்டும் மூன்று. “இதை எங்கே பிடித்தீர்?” என்றார் உடனிருந்தவர். “ஏதோ திருவிழாவில் கேட்டது” என்றோம். இஃது இரண்டாவது பொய்.

அவ்விளம்பரம் தொலைக்காட்சியில் வந்த நாளில் யாம் ஊரில் இருந்தோம். தந்தையார் உண்டுகொண்டிருந்தார். முதல் மூன்று அடி கேட்டதும் கை சோற்றிலேயே நின்றது. முடியுமட்டும் பார்த்தார். பின்னர் எம்பக்கம் திரும்பாமலே, “என் அப்பனுக்கு இதற்கு ஒரு படி கேழ்வரகு. உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?” என்று கேட்டார். தொகையைச் சொன்னோம். அவர் வேறொன்றும் பேசவில்லை. கை கழுவ எழுந்து போய்விட்டார். அக்கேள்வி சினமோ, வியப்போ, துயரமோ என்பதை அவர் மறைந்த பின்னும் யாம் ஆராய்ந்த வண்ணமே இருக்கின்றோம்.

அதன்பின்னரே பழைய நூல்களில் பறையைத் தேடலானோம். தொல்காப்பியனார் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையை வைத்தார். எம் கடற்கரை நிலத்திற்கு உரியது மீன்கோட்பறை. மணிமேகலையில், இந்திரவிழாவை அறிவிக்கும் வள்ளுவன் முரசினை யானைப் பிடரியில் ஏற்றிப் புகார் நகரெங்கும் சாற்றுகின்றான். பசியும் நோயும் பகையும் ஒழிந்து, மழையும் வளமும் பெருகுக என நாட்டை வாழ்த்தியே செய்தியை முடிக்கின்றான். அன்று யானைமேல் இருந்த தொழில் எம் பாட்டனார் காலத்தில் தெருமுனையில் நின்றது. தொழில் தாழ்ந்ததன்று, தாழ்த்தப்பட்டது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை எம் கடற்கரையைத் தாக்கியது. இந்தியப் பெருங்கடலுக்குச் சுனாமி எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லை. ஐதராபாத்தில் அத்தகைய நிலையம் நிறுவப்பெற்றது 2007இல். அதற்கு முந்திய இரவு முழுதும் யாம் புத்தாண்டுத் தள்ளுபடி விற்பனை ஒன்றிற்குச் சொல் தேடிக்கொண்டிருந்தோம். ‘கடலை விட்டு மேட்டுக்கு ஓடுங்கள்’ என்னும் சொல்லைச் சொல்ல எவரும் இல்லாத காலையில், எம் சொற்கள் எத்துணை எளியன என்பது விளங்கிற்று. புயல் நாளில் பாட்டனார் சாற்றியவை அத்தகைய உயிர்ச்சொற்கள்.

ஆயினும் பழமையைப் போற்றுவதாக எண்ணி அடிமைத்தனத்தைப் போற்றிவிடுதல் ஆகாது. 2022 ஆகஸ்டில், அன்று தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராயிருந்த இறையன்பு அவர்கள், தண்டோராப் போடும் வழக்கத்தை நிறுத்தி, வண்டியில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்குமாறு மாவட்ட ஆட்சியர்க்கு எழுதினார். தந்தையார் தம் வீட்டளவில் முன்னரே பிறப்பித்த ஆணை அது. 2025இல், அதே பறையை வாசித்தமைக்காக மதுரைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. இவ்விரண்டும் முரண் அல்ல. வலிந்து சுமத்திய ஏவல் ஒழிந்தது, கலை மதிப்புற்றது. யாம் செய்த பிழை, ஏவலையும் கலையையும் ஒரே கோணியிற் சுற்றி மறைத்ததாகும்.

சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றபோது அம்மூட்டையை இறக்கினோம். தோலை எலி அரித்திருந்தது. வேம்பின் வளையம் உறுதியாகவே இருந்தது. அதனைத் துடைத்துச் சென்னை வீட்டில் யாம் எழுதும் மேசைக்கு எதிரே மாட்டியுள்ளோம்.

விடுதியில் அன்று எம்மை வினவிய நண்பர் இம்மலரைப் படிப்பாராயின், யாம் அப்போது கூறிய விடையைத் திருத்திக்கொள்வாராக. எம் பாட்டனார் பயிர்த்தொழில் செய்தவரல்லர். ஊருக்குப் பறை சாற்றியவர்.