காரும் கரண்ட் பில்லும்

எங்கள் வீட்டில் பெட்ரோல் செலவு மகனுடையது, கரண்ட் பில் என்னுடையது. பல வருடங்களாக அப்படித்தான். 2023-இல் அவன் மின்சாரக் கார் வாங்கியதும் இரண்டும் கலந்துவிட்டன. தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு அவன் ஆபீஸ் போய்வரும் செலவு, யாரும் சொல்லாமலே என் பென்ஷன் பக்கம் வந்து சேர்ந்தது.

அடுத்த பில் வந்ததும் என் மனைவி ராத்திரி பன்னிரண்டு மணிக்கே ஏ.சி.யை அணைக்க ஆரம்பித்தாள். "காருக்கு ஆகிறதை எங்கேயாவது மிச்சம் பிடிக்கணுமே" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன்.

கார் சார்ஜ் ஏறும் பிளக்குக்கு மட்டும் தனியாக ஒரு சப் மீட்டர் வைத்தேன். காரின் திரை காட்டும் கணக்கு போதாது. சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் மின்சாரம் சூடாக வீணாகிறது. அதற்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம். இரண்டு மாதத்தில் கார் ஓடியது 2,000 கிலோமீட்டர். சப் மீட்டர் காட்டியது 320 யூனிட்.

2022 செப்டம்பரில் மாறிய கட்டணம் அப்போது நடப்பில் இருந்தது. 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. மொத்தம் 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 போய்விடும், 101-இலிருந்தே 4.50. 501 முதல் 600 வரை 8 ரூபாய், அதற்கு மேல் 800 வரை 9.

கார் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு 460 யூனிட். பில் 1,485 ரூபாய். காரோடு 780 யூனிட். பில் 4,370 ரூபாய். வித்தியாசம் 2,885. அதாவது காருக்கு யூனிட் 9 ரூபாய், கிலோமீட்டருக்கு 1.44.

"பையன்கிட்டே போய் கணக்குப் பேசுவீங்களா?" என்று மனைவி தடுத்தாள். மனதுக்குள் வைத்துக்கொண்டு ஏ.சி.யை அணைப்பதைவிடப் பேசுவது மேல் என்று பேப்பரை அவனிடமே கொடுத்தேன்.

அவன் முகம் மாறவில்லை. "மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால வகுத்தா 5.60 தானேப்பா வருது. 1,800 ரூபாய்தான் ஆகும்னு நினைச்சேன்" என்றான்.

"நாங்க எப்பவும் செலவழிக்கிறது கீழே இருக்குடா. உன் கார் அதுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கு. மேல்படிக்குத்தான் விலை அதிகம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தான். பழைய கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தது. பெட்ரோல் 102 ரூபாய்க்கு மேல். இதே தூரத்துக்கு 13,600 ரூபாயாவது ஆகியிருக்கும். "அப்படியும் எனக்கு லாபம்தாம்பா" என்றான்.

பிறகு கட்டணம் கொஞ்சம் ஏறியது. கணக்குப் போடும் முறை மாறவில்லை. இப்போது பில் வந்ததும் சப் மீட்டரை அவனே பார்த்து, கார் இல்லாவிட்டால் எவ்வளவு வந்திருக்கும் என்று கழித்து, மீதியை எனக்கு அனுப்பிவிடுகிறான். ஏ.சி. விடியும்வரை ஓடுகிறது.