மடக்குக் கத்தி வாங்கப் போறீங்களா பாஸ்?

என் வலது கை ஆள்காட்டி விரல்ல ஒரு தழும்பு இருக்கு. மூணு தையல். எப்படி வந்துச்சுன்னு யாராவது கேட்டா, ‘செகண்ட் இயர்ல ஒரு சண்டை...’ன்னு ஆரம்பிப்பேன். கேட்கிறவங்க கண்ணு விரியும். ‘...பெல்ட்டோட!’ன்னு முடிப்பேன். நிஜமாவே அதுதாங்க நடந்துச்சு!

ஹாஸ்டல் மெஸ் புண்ணியத்துல ஒரே செமஸ்டர்ல இடுப்பு சுருங்கி, பெல்ட்டுக்கு இன்னொரு ஓட்டை தேவைப்பட்டுச்சு. கையில புத்தம் புது மடக்குக் கத்தி. பிளாட்பாரக் கடையில பேரம் பேசி 150 ரூபாய்க்கு வாங்கினது. கறுப்புக் கைப்பிடி, பிளேடுல பாயுற புலி, முதுகுல ரம்பப் பல்லு... பார்த்தாலே பத்துப் பேரை அடிச்சவன் மாதிரி ஒரு ஃபீலிங். பெல்ட்டைக் கட்டில் சட்டத்து மேல வெச்சு, கத்தி முனையால ஒரே அழுத்து. தோல்ல ஓட்டை விழலை. ‘டிக்’னு சத்தம் மட்டும் கேட்டுச்சு. கத்தி மடங்கிடுச்சு. மடங்குற வழியில என் விரல் இருந்துச்சு.

தையல் போட்ட டாக்டர் அந்தக் கத்தியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். ‘இதுல வெண்ணெய் வெட்டலாம் தம்பி. அதுவும் ஃப்ரிட்ஜ்ல வைக்காத வெண்ணெய்’னு சொல்லிட்டுத் திருப்பிக் குடுத்துட்டார். மருந்து, ஊசின்னு எல்லாம் சேர்த்து அந்த 150 ரூபாய்க் கத்தி எனக்கு எவ்வளவு ஆச்சுங்கிறது இன்னிக்கு வரைக்கும் எங்க அப்பாவுக்குத் தெரியாது.

அப்புறம்தான் இந்த மேட்டர்ல இறங்கிப் படிக்க ஆரம்பிச்சேன். செமஸ்டர் பேப்பருக்குக்கூட அவ்வளவு படிச்சதில்லை. நான் விரலைக் குடுத்துக் கத்துக்கிட்டதை நீங்க ஓசியில தெரிஞ்சுக்கோங்க!

மடக்குக் கத்தின்னா ஷார்ப்பா இருக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஷார்ப்பா இல்லாத கத்தியைத் தீட்டிக்கலாம். லாக் சரியில்லாத கத்தியை ஒண்ணும் பண்ண முடியாது. என் புலிக் கத்தியில இருந்தது லைனர் லாக். கைப்பிடிக்குள்ள பக்கவாட்டுல ஒரு மெல்லிய தகடு இருக்கும். கத்தியை விரிச்சதும் அது நகர்ந்து வந்து பிளேடோட அடிப்பாகத்துக்கு முட்டுக் குடுத்து நிக்கும், கதவு சாத்தாம இருக்கச் செங்கல் வைப்போமே அந்த மாதிரி. ஒழுங்கா செஞ்சா அருமையான அமைப்பு. என் கத்தியில தகடு பிளேடைத் தொட்டும் தொடாமலும் நின்னுச்சு. முனையை வெச்சுக் குத்தும்போது விசை அப்படியே பிளேடை மடக்கப் பார்க்கும், இல்லையா? செங்கல் நகர்ந்துடுச்சு. அவ்வளவுதான் கதை.

அதனால கடையில கத்தியைக் கையில வாங்கினதும் புலி, சிங்கத்தையெல்லாம் பார்க்காதீங்க. விரிங்க. பிளேடைப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, கடகடன்னு ஆடினா அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க. அடுத்து, கைப்பிடியை ரெண்டு பக்கமும் மட்டும் பிடிச்சுக்கிட்டு (மடங்குற பாதையில ஒரு விரலும் இருக்கக்கூடாது, சொல்லிட்டேன்!), பிளேடோட முதுகை மேஜை விளிம்புல மெதுவா அழுத்துங்க. லாக் நழுவுதுன்னா கடைக்காரர் என்ன டிஸ்கவுன்ட் குடுத்தாலும் வேண்டாம். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’னு பிளேடுல அடிச்சிருந்தா அதுக்காக ஒரு ரூபாய்கூட ஜாஸ்தி குடுக்காதீங்க. அது ஸ்டீலோட பேரே இல்லை, வெறும் பில்டப்.

சரி, லாக்கே இல்லாத கத்தி? அதுவும் உண்டு. நம்ம தாத்தாக்கள் பென்சில் சீவின பேனாக்கத்தி அந்த வகைதான். முதுகுல இருக்குற ஸ்பிரிங் மட்டும்தான் பிளேடைப் பிடிச்சு நிறுத்தும். உலகமே கொண்டாடுற சுவிஸ் ஆர்மி கத்தியிலயும் பாதிக்கு மேல இதே டெக்னிக்தான். 1884-ல் கார்ல் எல்ஸனர் சுவிட்சர்லாந்தோட இபாக் ஊர்ல ஒரு பட்டறை போட்டார். 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி குடுக்க ஆரம்பிச்சார். அம்மா விக்டோரியா இறந்ததும் அவங்க பேரையே கம்பெனிக்கு வெச்சார். துருப்பிடிக்காத ஸ்டீலைக் குறிக்கிற ‘இனாக்ஸ்’ பின்னால வந்து ஒட்டி, விக்டரினாக்ஸ் ஆச்சு. அம்மா சென்டிமென்ட் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை பாருங்க! அதுல சாவிக்கொத்துல மாட்டுற குட்டிக் கத்தி, மடக்கினா வெறும் 58 மில்லிமீட்டர். பார்சல் பிரிக்க, நூல் வெட்ட, நகம் தேய்க்கப் போதும். லாக் இல்லைங்கிறது தெரிஞ்சே வாங்குறோம், அதனால குத்துற வேலைக்கு அதை எடுக்க மாட்டோம். ஆபத்து லாக் இல்லாத கத்தியில இல்லைங்க, லாக் இருக்குன்னு நம்ப வைக்கிற கத்தியிலதான்.

என் இப்போதைய கத்தி ஓபினெல், எட்டாம் நம்பர். ஒரு ஜீன்ஸ் வாங்க வெச்சிருந்த காசுல வாங்கினேன், வருத்தமே இல்லை. பிரான்ஸ்ல, ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சவாய் வட்டாரத்துல ஜோசப் ஓபினெல்ங்கிறவர் 1890-ல் உருவாக்கினது. ஒரு பீச் மரக் கைப்பிடி, ஒரு பிளேடு, ஒரு ஆணி. மொத்தக் கத்தியே அவ்வளவுதான்! 1955-ல் ஒரு இரும்பு வளையம் சேர்த்தாங்க. கத்தியை விரிச்சுட்டு வளையத்தைத் திருகினா, பிளேடு மடங்க வேண்டிய வாசலே அடைஞ்சு போகும். லைனர் லாக் மாதிரி தொட்டும் தொடாமலும் நிக்கிற கதையெல்லாம் இதுல கிடையாது. ஆனா வளையத்தைத் திருகுறதுக்கு நீங்கதான் மறக்கக்கூடாது. நம்பர்னா சைஸ். எட்டாம் நம்பருக்கு பிளேடு 8.5 சென்டிமீட்டர்.

குறை இல்லாம இல்லை. மழைக்காலத்துல மரம் ஊறி, பிளேடு உள்ளேயே மாட்டிக்கும். நகம் உடையுற வரைக்கும் இழுத்துப் பார்த்துட்டு, தூக்கிப் போடலாம்னு இருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, சவாய்காரங்களே அதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. கைப்பிடியோட பின்முனையை மேஜையில ‘டக்’னு தட்டினா பிளேடு தானா எட்டிப் பார்க்கும். இதுல கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ்னு ரெண்டு ரகம். கார்பன் தீட்டச் சுலபம், ஆனா மாங்காய் வெட்டிட்டுத் துடைக்காம வெச்சா அடுத்த நாள் கறுத்துப் போய் நிக்கும். துடைக்கிற பழக்கம் இல்லாத ஆளுன்னா ஸ்டெயின்லெஸ்ஸே வாங்குங்க. ஹாஸ்டல்ல துடைக்கிற ஆள் எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும்.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஃபைனல் இயர்ல ஒரு ராத்திரி, நானும் என் ரூம்மேட்டும் செகண்ட் ஷோ பார்த்துட்டு பைக்ல வந்துட்டு இருந்தோம். போலீஸ் செக்கிங். பையைத் திறக்கச் சொன்னாங்க. என் பையில ஓபினெல். அவன் பையில, நான் சொல்லச் சொல்லக் கேட்காம வாங்கின ஒரு கறுப்புக் கத்தி, என் பழைய புலியோட தம்பி. பிளேடு என்னுதைவிட அரை அங்குலம் சின்னதுதான். ஏட்டு என் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘என்னப்பா இது, பழம் நறுக்குறதா?’ன்னு கேட்டுட்டு வெச்சுட்டார். அவன் கத்தியை விரிச்சதும் அவர் முகமே மாறிடுச்சு.

ரூட் தல, பஸ் டேன்னு காலேஜ் பசங்க கத்தியோட பேப்பர்ல வந்த கதையெல்லாம் நமக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்ல? ஸ்டேஷன்ல உட்கார வெச்சாங்க. வார்டன் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வர்றப்ப மணி மூணு. பத்து நாள்ல அவனுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ. ஒரு கேஸ் விழுந்திருந்தா? அந்த பெஞ்சுல அவன் ஒரு வார்த்தை பேசலை. ‘எதுக்குடா சினிமாவுக்குக் கத்தி?’ன்னு இன்ஸ்பெக்டர் கேட்டது அவனை மட்டும் இல்லை. எங்க ரெண்டு பேர்கிட்டயும் பதில் இல்லை.

சட்டம் என்ன சொல்லுதுன்னு அப்புறம் தேடிப் படிச்சேன். ஆயுத விதிகள்ல 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருக்கிற கத்தியைத்தான் ஆயுதப் பட்டியல்ல சேர்த்திருக்காங்க. வீட்டு வேலை, விவசாயம் மாதிரி உபயோகத்துக்குச் செஞ்சதுக்கு விலக்கும் உண்டு. ஆனா டெல்லியில 1980-ல் போட்ட ஒரு அறிவிக்கை பட்டன், ஸ்பிரிங்னு விசையில திறக்கிற கத்திகளுக்கு அளவை 7.62 சென்டிமீட்டராவே குறைச்சிடுச்சு. இன்டர்வியூவுக்கு அந்தப் பக்கம் போறவங்க கத்தியை வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க. ஃப்ளைட்னா கேபின் பையில சாவிக்கொத்துக் குட்டிகூட வேண்டாம். ‘தற்காப்புக்குதான் சார்’னு எங்கேயும் உளறி வைக்காதீங்க. நீங்க அப்படிச் சொன்ன நிமிஷமே பழம் நறுக்குறது ஆயுதமாயிடும்.

இப்பல்லாம் என் கத்தி ரூம்லதான் இருக்கு. ட்ரெக்கிங், ஊருக்குப் போற ரயில்னு வேலை இருந்தாதான் வெளியே வரும். மாசம் ஒரு தடவை டீ கப்பைக் கவிழ்த்து வெச்சு, அடியில பளபளப்பு இல்லாம சொரசொரப்பா இருக்குற பீங்கான் வளையத்துல தீட்டுவேன். சாணைக்கல் வாங்கக் காசில்லாதப்ப கண்டுபிடிச்ச வழி, நல்லாவே வேலை செய்யுது. பிளேடைக் கொஞ்சமா சாய்ச்சு, ஒரு பக்கத்துக்குப் பத்து இழுப்பு, அடுத்த பக்கத்துக்குப் பத்து. லைனர் லாக் கத்தி வெச்சிருக்கிறவங்க, மடங்குற இடத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்க. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்துடும்.

ரூம்மேட் வேலை கிடைச்சு இப்ப வேற ஊர்ல இருக்கான். போன மாசம் வந்தப்ப ஒரு கூடை மாங்காய் கொண்டு வந்தான். ‘கத்தி குடுடா’ன்னு கையை நீட்டினான். மடக்கியே குடுத்தேன். வாங்கி, விரிச்சு, வளையத்தை ஒரு திருகு திருகிட்டு, ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தான் முதல் மாங்காயை எடுத்தான்.